வேட்டைப் பறவைகளை அந்தக் காலத்தில் எப்படிப் பிடித்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டாரில் ஆறு வருடம் சாரதி வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு, இலங்கையில் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். டோஹாவின் சூக் வாகிஃப் சந்தையில் ராஜாளிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பக்கத்திலேயே அவற்றுக்கு ஒரு வைத்தியசாலையும் உண்டு. லீவு நாட்களில் அங்கே போய் நின்றுவிடுவேன். மணல் பரப்பிய தரையில் வரிசையாகக் குத்திகளின் மேல் அவை உட்கார்ந்திருக்கும், தலையில் சின்னத் தோல் தொப்பி, காலில் வார். பார்த்தும் கேட்டும் பிறகு வாசித்தும் சேர்த்ததுதான் இதெல்லாம். ஊரில் பறவைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெடியன்கள் முதல் கேட்பது "அண்ணன், அதை எப்படிப் பிடிக்கிறது?" என்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தேன்.

பிராந்து, கழுகு, வல்லூறு, ராஜாளி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வாவிக்கரையில் மீன் கழுவுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி வருமே, தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், அது செம்பருந்து. பிராந்து என்றும் கருடன் என்றும் நாம் சொல்வது அதைத்தான். அதைவிடப் பெரிதாய், வயிறு வெள்ளையாய், வால் ஆப்பு மாதிரி இருப்பது கடற்கழுகு. மரத்துக்குள் ஒளித்திருந்து கோழிக்குஞ்சின் மேல் சட்டென்று பாய்கிற சின்ன உருப்படி வல்லூறு. ராஜாளி வேறு சாதி: நீண்டு கூரான சிறகு, கண்ணுக்குக் கீழே மீசை வைத்த மாதிரிக் கறுப்பு. பைரி என்கிற ராஜாளி இரையை நோக்கி மேலிருந்து விழும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். நம் நாட்டிலேயே இருக்கும் பைரி வகை சிகிரியாக் குன்றின் பாறையில் கூடு வைக்கிறது, அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் காணலாம்.

எதற்காகப் பிடித்தார்கள்? அழகுக்கா?

சாப்பாட்டுக்கு. துவக்கு கைக்கு வருவதற்கு முன் பாலைவனத்து பதூவிகளுக்கு, அதாவது கூடாரத்தோடு அலைகிற அரபிகளுக்கு, இறைச்சி கிடைப்பது லேசில்லை. ஹுபாரா என்றொரு பெரிய தரைப்பறவையும் முயலும்தான் அங்கே வேட்டை, அவற்றை ஓடியும் பிடிக்க முடியாது, கல்லெறிந்தும் விழுத்த முடியாது. அதனால் வடக்கேயிருந்து குளிர்காலத்துக்காக இறங்கிவரும் ராஜாளிகளை செப்டெம்பர் முதல் நவம்பர் வரையான வலசைக் காலத்தில் பிடித்து, இரண்டு மூன்று கிழமை இரவும் பகலும் கையில் வைத்துப் பழக்கி, குளிர்காலம் முழுக்க வேட்டையாடிவிட்டு, வெயில் ஏறத் தொடங்கும்போது திறந்துவிட்டுவிடுவார்கள். அந்தக் கோடையில் வைத்துத் தீனி போட வழியும் இல்லை, தேவையும் இல்லை, அடுத்த வருடம் வேறொன்று வரும். பிடிப்பதற்கு எவ்வளவு மெனக்கெட்டார்களோ, விடுவதும் அதே வழக்கத்தின் ஒரு பகுதி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

மற்ற இடங்களில் காரணம் வேறு. கசாக்கியர் கழுகை வைத்து நரி பிடித்தார்கள், தோலுக்காக. ஐரோப்பாவில் அது அரசர்களின் விளையாட்டு. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையை 11 நாடுகளின் பண்பாட்டு மரபாகப் பதிந்தது, 2021இல் அந்தப் பட்டியல் 24 நாடுகளாகியது.

அரபு நாட்டில் எப்படிப் பிடித்தார்கள்?

பல வழி உண்டு. என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான், ஏனென்றால் அதில் கூடும் இல்லை, வலையும் இல்லை.

புறாவின் காலில் ஒரு நீளக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கல். ராஜாளி கண்ணில் பட்டதும் புறாவைப் பறக்க விடுவார்கள். ராஜாளி அதை அடித்து விழுத்தும். கல் இழுக்கிறபடியால் இரையைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது, அந்த இடத்திலேயே இருந்து பிய்க்கத் தொடங்கும். இப்போது ஆள் எழும்பிப் போய் அதைக் கலைத்துவிடுவார். வேண்டுமென்றேதான். கலைத்துவிட்டு அவசர அவசரமாக மணலில் ஒரு பள்ளம் பறித்து, அதற்குள் படுத்து, மேலே செடியும் துணியும் மணலும் மூடிக்கொண்டு, கயிற்றின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பசித்த பறவை, தான் அடித்த இரையை விட்டுவிட்டுப் போக அதற்கு மனம் வராது, வட்டமடித்துத் திரும்ப இறங்கும். மறுகா கயிறு நகரும், ஒரு சாண், கொஞ்சம் பொறுத்து இன்னொரு சாண். இரை நகர்வதை அது பொருட்படுத்தாமல் தின்றுகொண்டே கூட வரும். கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் இரண்டு காலையும் சேர்த்து ஒரே பிடி.

இதை யோசித்துப் பார்த்தால், பிடிப்பது கயிறு இல்லை. கலைத்துவிட்ட பறவை திரும்பி வரும் என்று தெரிந்திருந்ததுதான் பிடிக்கிறது. வேறு பிடிகாரர்கள் புறாவுக்குச் சட்டை மாதிரி ஒன்றைப் போட்டு, அதில் நிறையச் சின்னச் சுருக்குகள் தைத்து விடுவார்கள், அடிக்கிற ராஜாளியின் விரல் சுருக்கில் மாட்டும். இது வேகமான வழி, ஆனால் மேலே சொன்ன ஆளின் பொறுமை இதற்குத் தேவைப்படாது.

ராஜாளியை வைத்தே ராஜாளி பிடிப்பார்கள் என்கிறார்களே?

உண்மை. இந்தியா, பாகிஸ்தான், அரபு நாடுகள் எல்லாவற்றிலும் இருந்த வழக்கம். லக்கர் என்ற ஒரு சாதாரண ராஜாளியைப் பழக்கி, அதன் காலில் இறகுக் கட்டு ஒன்றைக் கட்டிப் பறக்க விடுவார்கள், அந்தக் கட்டு முழுக்கச் சுருக்கு. தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய ராஜாளிக்கு, சின்னவன் எதையோ பிடித்துக்கொண்டு போகிறான் என்று தோன்றும். பறிக்க வரும். விரல் மாட்டும். இரண்டும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு கீழே விழும்.

நம் வாவிக்கு மேலேயும் இந்தப் பறிப்பு நடக்கிறது. குளிர்காலத்தில் வருகிற விரால் அடிப்பான் மீனோடு எழும்பும்போது கடற்கழுகு பின்னால் துரத்திப் போய் அதைப் போட வைப்பதைத் தோணிக்காரர்கள் கண்டிருப்பார்கள். அந்த ஒரு குணத்தைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ ஒருவர் இறகுக் கட்டை யோசித்திருக்கிறார்.

கரப்பு மாதிரி ஒரு பொறி இருக்கிறதாமே?

அதற்குப் பெயர் பால் சத்ரி. ஹிந்தியில் பால் என்றால் மயிர், சத்ரி என்றால் குடை. நம் வீட்டில் குஞ்சுகளை மூடிவைக்கும் கரப்பைச் சின்னதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிரோடு ஒரு எலியோ சிட்டோ. வெளிப்பக்கம் முழுவதும் குதிரை வால் மயிரில் முடிந்த சுருக்குகள், நெல் நாற்று மாதிரி நிமிர்ந்து நிற்கும். பறவை வந்து கூட்டின் மேல் நின்று உள்ளேயிருப்பதைப் பிடிக்கக் காலால் பிறாண்டும், பிறாண்டப் பிறாண்ட ஏதாவது ஒரு சுருக்கு விரலில் இறுகும். கூட்டுக்கு ஒரு பாரம் கட்டியிருக்கும், பறக்கப் பார்த்தாலும் தூரம் போகாது.

இதில் நல்லது என்னவென்றால் உள்ளே இருக்கிற எலிக்கு ஒன்றும் ஆகாது, பறவைக்கும் காயம் குறைவு. அதனால்தான் 1959இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர்கள் இரண்டு பேர், பெர்கரும் முல்லரும், இந்தப் பொறியைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்க வளையமிடும் வேலைக்கு அது பரவியது. பிடித்து, காலில் இலக்கம் போட்ட வளையம் மாட்டி, நிறுத்து, அளந்து, சில நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். குதிரை மயிருக்குப் பதிலாக இப்போது தங்கூசி, அதாவது நைலோன் நூல்.

இரண்டு கம்பு நட்டு வலை கட்டுவது?

தோ கஜா. வட இந்தியப் பக்கத்துச் சொல், இரண்டு கெஜம் என்று அர்த்தம். மெல்லிய வலையை இரண்டு கம்புக்கு நடுவே லேசாகத் தொங்க விடுவார்கள், முன்னால் இரை. பறவை இரையைத்தான் பார்க்கும், வலையைப் பார்க்காது. மோதியதும் வலை கம்பிலிருந்து கழன்று அதைச் சுற்றிக்கொள்ளும். டோஹாவில் நான் பழகிய சிந்து மாகாணத்துப் பாகிஸ்தான்காரர் ஒருவருடைய வாப்பா இந்த வேலை செய்தவராம். வலைக்குச் சாயம் போடுவதுதான் பாதி வேலை என்றார், மண் நிறத்துக்கு ஒரு வலை, புல் முளைத்த காலத்துக்கு இன்னொன்று. சொல்லும்போது அவருடைய விரல்கள் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பிடித்த பறவை மிரளாமல் இருக்கக் கீழ் இமையில் நூல் கோத்து, தலைக்கு மேல் கட்டி, கண்ணை மூடி வைப்பார்கள். பழகப் பழக நூலைத் தளர்த்துவார்கள். ஐரோப்பாவிலும் இதே வழக்கம்தான் இருந்தது, 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் அரபிகளிடமிருந்து தோல் தொப்பியைக் கற்றுக்கொண்டு அங்கே பரப்பினார். தொப்பியால் வலி இல்லை. ஆனாலும் கள்ளமாகக் கடத்தப்படும் ராஜாளிகள் பிடிபடும்போது இன்றைக்கும் சிலவற்றின் கண் தைத்தபடியே இருக்கிறது.

துருக்கியில் பூச்சியை வைத்துப் பருந்து பிடிக்கிறார்களா?

பூச்சியில் தொடங்குகிறது, அவ்வளவுதான். இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. கருங்கடல் ஓரத்தில் ரீசே, ஆர்த்வின் என்ற பகுதிகளில் முதலில் மண்ணுக்குள்ளிருந்து பிள்ளைப்பூச்சியைத் தோண்டி எடுப்பார்கள். அதைக் காட்டிக் கீச்சான் குருவியைப் பிடிப்பார்கள். கீச்சானைப் பழக்கி, ஒரு குச்சியின் நுனியில் இருத்தி, வலைக்குப் பின்னால் ஒளித்திருந்து அதை அசைத்துக் காட்டுவார்கள், மலையோரமாக வலசை போகிற சிட்டுப்பருந்து அதை அடிக்க வந்து வலையில் விழும். அந்தப் பருந்தை வைத்து காடை வேட்டை. காடைக் காலம் முடிந்ததும் பருந்தை விட்டுவிடுவார்கள். தூனிசியாவில் எல் ஹவாரியா என்ற ஊரிலும் சிட்டுப்பருந்துதான், காடைதான், அங்கேயும் பருவம் முடிய விட்டுவிடுவது வழக்கம்.

ஒல்லாந்தரும் பிடித்தார்களா?

நம் ஊர்க் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தரின் நாட்டில் பால்கன்ஸ்வார்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது, பெயரிலேயே ராஜாளி இருக்கிறது. ஐரோப்பிய அரண்மனைகளுக்கு நூற்றுக்கணக்கான வருடமாக ராஜாளி பிடித்துக் கொடுத்த ஊர் அது. இலையுதிர் காலத்தில் திறந்த வெளியில் புல்பத்தைகளால் ஒரு சின்னக் குடில், உள்ளே ஆள், வெளியே தூரத்தில் கயிறு கட்டிய புறாக்கள், இழுத்தால் வில் மாதிரி வளைந்து மூடும் வலை. எல்லாக் கயிறும் குடிலுக்குள் வரும்.

காவல்காரர் யார் தெரியுமா? ஒரு கீச்சான். மனிதன் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ராஜாளி வந்தாலும் அது கண்டுவிடும், கண்டதும் கத்திக்கொண்டு தன் பொந்துக்குள் ஓடும். அது பதறுகிற விதத்தை வைத்தே வருவது ராஜாளியா வேறு பருந்தா என்று குடிலுக்குள் இருப்பவர் சொல்லிவிடுவாராம். மற்றபடி நாள் முழுக்க அந்தக் குடிலில் சும்மா இருப்பதுதான் தொழில்.

குழிக்குள் இருந்து வெறும் கையால் கழுகைப் பிடித்தது உண்மையா?

உண்மை. வட அமெரிக்கச் சமவெளியில் ஹிதாட்சா, மண்டான், பிளாக்ஃபுட் மக்கள் அப்படித்தான் பிடித்தார்கள். குழி, மேலே கிளை, அதன் மேல் இரை, உள்ளே ஆள். இறங்கியதும் காலைப் பிடித்துக் கீழே இழுப்பார். வேண்டியது வால் இறகு. விரதமும் பாட்டும் சடங்கும் இல்லாமல் யாரும் குழிக்குள் இறங்கமாட்டார்கள். இதைக் கேட்டுவிட்டுச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம், கழுகின் நகம் கையைத் துளைத்துக்கொண்டு போகும்.

பலாப்பால் வைத்துப் பிடிப்பது நம் ஊர் முறைதானே?

ஆமாம், வருத்தமான முறை. பலாப்பாலைக் காய்ச்சிப் பசையாக்கிக் குச்சியில் தடவி வைப்பது. இந்தியாவில் ஆலம்பால், அரசம்பாலிலும் செய்வார்கள். ஒட்டினது இறகிலிருந்து போகாது, இழுத்தால் இறகோடு வரும், பறக்க முடியாத பறவை பட்டினியில் சாகும். மேலே சொன்ன முறைகளில் பிடிகாரருக்குப் பறவை முழுசாக வேண்டும், ஓர் இறகு ஒடிந்தாலும் அவருக்கு நட்டம். பசை வைப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

இப்போதும் பிடிக்கலாமா? ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன?

முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நம் நாட்டில் பருந்து, கழுகு, வல்லூறு, ராஜாளி, ஆந்தை எதையும் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை வளர்க்கிறேன் என்பதும் அதற்குள் வரும்.

சட்டத்தை விடுங்கள். பழைய வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஒரு பருவத்துக்கு ஒன்று பிடித்து, திரும்ப விட்ட ஆட்கள் அவர்கள். காசு வந்த பிறகு விடுகிற பாதி மறந்துபோய், பிடிக்கிற பாதி மட்டும் மிஞ்சியது. அரபிகள் பெரிதாக மதிக்கிற சாக்கர் ராஜாளி 2012இலிருந்து அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பிடிப்பது மட்டும் காரணம் இல்லை, மொங்கோலியாவில் மின்கம்பத்தில் உட்கார்ந்து மின்சாரம் தாக்கியே ஆயிரக்கணக்கில் செத்திருக்கின்றன. நல்லதையும் சொல்ல வேண்டும்: அபுதாபியில் 1995இலிருந்து ஷேக் சாயித் பெயரில் ராஜாளிகளைத் திரும்பக் காட்டில் விடும் திட்டம் நடக்கிறது, வளைகுடாவில் இன்று கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி பண்ணையில் பொரித்தவை.

வெறும் மீன் வலையால் பெரிய அழிவு வருமா?

2012இல் நாகாலாந்தில் நடந்ததைப் பாருங்கள். சைபீரியா, வட சீனப் பக்கமிருந்து ஆபிரிக்காவுக்குப் போகிற அமூர் வல்லூறுகள் (பெயர்தான் அப்படி, அவை சின்ன ராஜாளிகள்) வழியில் டோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் தங்கும். பங்தி ஊர்க்காரர்கள் மீன் வலையை மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் செத்தவை ஒரு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். செய்தி வெளியே வந்ததும் ஊர்ச் சபையும் தேவாலயமும் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்கள், 2013இல் ஒரு பறவையும் பிடிபடவில்லை. அடுத்த வருடமே. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் எப்போதும் ஞாபகம் வரும்.

பிராந்து கோழிக்குஞ்சைத் தூக்குதே, அதற்கு என்ன வழி?

நியாயமான கேள்வி. கும்பாபிஷேகத்தன்று கருடன் வட்டமிட்டால் கைகூப்பிக் கும்பிடுகிற நாம்தான் அடுத்த கிழமை குஞ்சு போனதும் தங்கூசிச் சுருக்கு வைக்கிறோம். பல வீடுகளில் செய்ததைக் கண்டிருக்கிறேன்.

குஞ்சு பொரித்து முதல் ஐந்தாறு கிழமைதான் ஆபத்து. அதுவரைக்கும் கரப்புக்குள்ளோ, கிடுகு போட்ட பந்தலுக்குக் கீழேயோ வையுங்கள். தீனியை வெட்ட வெளியில் கொட்டாமல் மரத்துக்குக் கீழே, பற்றைக்குப் பக்கத்தில் போடுங்கள், ஒளிக்க இடம் இருந்தால் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும். மேலே வலை கட்டுவதென்றால் சிறுகண் வலையை இறுக்கமாகக் கட்ட வேண்டும், தொய்ந்து கிடக்கிற பழைய தங்கூசி வலை பறவைக்குப் பொறி. எங்கள் அம்மம்மா குஞ்சுகளுக்கு றோஸ் நிறச் சாயம் பூசிவிடுவார், "பிராந்துக்கு இது குஞ்சு மாதிரித் தெரியாது மகன்" என்பார். சில நாளைக்கு அது வேலை செய்யும். சீடி கட்டித் தொங்கவிடுவதும் அப்படித்தான், பழகினதும் பயம் போய்விடும்.

வலையில் சிக்கிய பறவையைக் கண்டால்?

போன வருடம் வாவியோரம், கண்டல் வேரில் மாட்டிக் கிடந்த தங்கூசி வலைத் துண்டில் ஒரு செம்பருந்து. அலகைத் திறந்து மூச்சு வாங்கியபடி கிடந்தது. ஒரு பெடியன் சிறகைப் பிடித்து இழுக்கப் பார்த்தான், "விடு தம்பி, இழுக்காதே" என்று ஓடிப்போனேன்.

முதலில் துவாயோ சாரமோ எடுத்துத் தலையோடு மூடுங்கள், வெளிச்சம் போனதும் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, நகத்துக்கு, அதனால் இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலாகச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த அரபி பிடித்தாரே, அதே பிடிதான். மற்றவர் கத்தரிக்கோலால் நூலை வெட்டட்டும். ஒவ்வொரு இழையாக, இறகு போகிற திசைக்கே எடுக்க வேண்டும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, கடைசி இழை சிறகின் மூட்டில் தோலுக்குள் இறங்கியிருந்தது. அப்படி இருந்தாலோ, தூண்டில் முள் ஏறியிருந்தாலோ, சிறகு தொங்கினாலோ நீங்கள் தொட வேண்டாம். காற்றுத் துளை போட்ட காட்போட் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சோறு, பால், வாயில் தண்ணீர் ஊற்றுவது ஒன்றும் வேண்டாம், தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் செத்துவிடும்.

விடும்போது எப்படி விடுவது?

மேலே வீசக் கூடாது. படத்தில் வருகிற மாதிரி வானத்தை நோக்கி எறிந்தால் களைத்த பறவை நேரே கீழே வந்து விழும். காலை வேளையில், வெளியான இடத்தில், கம்பியும் காகக் கூட்டமும் இல்லாத பக்கமாக, பெட்டியைத் தரையில் வைத்துக் காற்று வருகிற திசைக்கு வாயைத் திறந்துவிட்டு, பின்னால் தள்ளிப் போய் நில்லுங்கள். போவதும் இருப்பதும் அதன் இஷ்டம்.

எங்கள் செம்பருந்தை மிருக வைத்தியர் நான்கு நாள் வைத்திருந்து தந்தார். பெட்டியைத் திறந்தும் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு நடந்து வெளியே வந்து, மணலில் நின்று எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. எழும்பித் தாழப் பறந்து வாவியைத் தாண்டி அக்கரைத் தில்லை மரத்தில் போய் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட சிறகை விரித்து வெயிலில் காயவிட்டது. முதலில் இழுக்கப் பார்த்த அந்தப் பெடியன்தான் அது மறுபடி பறக்கும்வரை கரையில் குந்தியிருந்தான், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அவனுடைய மாமி இரண்டு தரம் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை.